சுட்டால்தானே செய்வார்கள்

என் மனைவி க்ளெனிஸ் தன் வாழ்நாளில் அதிகம் சண்டை போட்டது எதிரிகளோடு இல்லை. அவளைப் போலவே முப்பத்தைந்தாம் நம்பர் தோட்டா போடும் லீவரை இழுத்துச் சுடும் பழைய வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்தவர்களோடுதான். எங்கள் ஊரில் அப்படிப் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே காடு, ஒரே பிடிவாதம். அவர்களில் ஒருவரையாவது திட்டாமல் அவள் வேலையிலிருந்து வீடு திரும்பிய நாள் குறைவு. திட்டின மிச்சத்தை என்னிடம் கொட்டுவாள். நான் வேட்டைக்காரன் இல்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தவன். மான் எந்தப் பக்கம் ஓடியது என்பதைவிட மழை எந்தப் பக்கம் பெய்யும் என்பதில்தான் எனக்கு அக்கறை. ஆனாலும் முப்பத்தைந்தைப் பற்றி நான் கேட்காத சொல் பாக்கியில்லை.

அவள் கர்ட் என்பவனின் கடையில் கல்லாவில் நின்றாள். அவன் அப்பா காலத்திலிருந்தே நின்றாள். பால், தூண்டிலுக்கு மண்புழு, கையுறை, பீட்சா, தோட்டா எல்லாம் விற்கும் கடை. நவம்பரில் வேட்டை தொடங்கினால் அடித்த மானை விதிப்படி அந்தக் கடை வாசலுக்குத்தான் கொண்டுவர வேண்டும். தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து, காலில் அடையாளச் சீட்டுக் கட்டுவது க்ளெனிஸின் வேலை. கட்டும்போது ஒரு கேள்வி கேட்பாள்.

“எத்தனை தோட்டா?”

“ஒண்ணு.”

இதுதான் பதில். எவர் வந்தாலும் இதே பதில். எங்கள் பக்கத்தில் அது ஒரு மானப் பிரச்சினை. இரண்டு என்று சொன்னவன் தன் அப்பா பெயரைக் கெடுத்தவன். மூன்று துளையோடு தொங்கிய மானுக்கும் ஒன்று என்றே சொல்லியிருக்கிறார்கள். “ஒரே தோட்டா மூணு தடவை உள்ள போய் வந்துச்சாக்கும்” என்று அவள் கேட்டால், சுற்றி நின்றவர்கள் தங்கள் காலணிகளைப் பார்ப்பார்கள்.

முப்பத்தைந்து என்பது குட்டையான, மழுங்கிய மூக்குக் கொண்ட தோட்டா. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், எங்கள் மெய்ன் மாநிலக் காட்டில் ஃபிர் மரமும் சீடர் மரமும் நெருக்கியடித்து நிற்கும். கல்லெறி தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. அந்த நெருக்கத்துக்கு அது போதும். இப்போது வருவதெல்லாம் கூர்மூக்குத் தோட்டாக்கள். இந்தப் பள்ளத்தாக்கில் நின்று அந்தப் பள்ளத்தாக்கில் சுடுவதற்கானவை. எங்களிடம் பள்ளத்தாக்கே கிடையாது. ஆனாலும் கடைக்கு வருவது அவைதான். பழைய முப்பது-முப்பது என்ற தோட்டா மட்டும் எப்படியோ தாக்குப்பிடித்து நிற்கிறது. அதை நாடு முழுவதும் சுடுகிறார்கள். முப்பத்தைந்து எங்களைப் போன்ற நாலு காட்டு மாவட்டங்களின் சொத்து.

அந்தச் சொத்து ஓர் இலையுதிர் காலத்தில் அலமாரியிலிருந்து மறைந்தது. பிறகு வரவே இல்லை. க்ளெனிஸ் காலியிடத்தை அப்படியே வைத்திருந்தாள். விலைச்சீட்டைக்கூடக் கழற்றவில்லை.

“க்ளெனிஸ், அந்த இடத்துல சாக்லேட் பாராவது அடுக்கலாமே,” என்றான் கர்ட். என்னிடம் படித்தவன். அவளிடம் பேசும்போது மட்டும் பத்து வயதுப் பையனாகிவிடுவான்.

“அடுக்கு. அடுக்கிட்டு மானை அதால அடி.”

“சரக்கு வராதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க.”

“வராதுன்னு சொல்லல. அட்டவணையில இருக்குன்னு சொன்னாங்க.”

தொழிற்சாலைக்கு அவளே போன் செய்வாள். வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாதத்தில். மறுமுனையில் மிக மரியாதையான ஒரு குரல் “அது தயாரிப்பு அட்டவணையில் இருக்கிறது, அம்மா” என்னும். “எந்த வருஷத்து அட்டவணை?” என்பாள் இவள். போனை வைத்துவிட்டுப் பாத்திரங்களைக் கழுவுவாள். அந்த நாளில் கழுவிய பாத்திரங்களில் சில இன்னும் நெளிந்தே இருக்கின்றன.

கடைக்கு வருகிறவர்களும் விடவில்லை. மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஹாலிஸ் தினமும் காப்பி குடிக்க வருவான். குடித்துவிட்டு அந்தக் காலியிடத்துக்கு எதிரே நின்று புலம்புவான். தொழிற்சாலைக்காரன் திருடன், இந்தக் காலத்துப் பசங்களுக்கு பிளாஸ்டிக் துப்பாக்கிதான் வேணும், அரசாங்கம் தூங்குது. இந்த வரிசை மாறாது. ஒருநாள் க்ளெனிஸுக்குப் பொறுக்கவில்லை. அன்று நான் பால் வாங்கப் போயிருந்தேன்.

“ஹாலிஸ், நீ கடைசியா எப்ப ஒரு பெட்டி வாங்கின?”

“நானா? ஐஸ் புயல் அடிச்ச வருஷம்.”

“இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு.”

“ஆமா. இன்னும் அஞ்சு மிச்சம் இருக்கு.” அவன் முகத்தில் அப்படியொரு பெருமை.

“ஒரு பெட்டியில இருபதுதான. அதை வச்சு இத்தனை வருஷம் ஓட்டிட்டு, அவன் செய்யலைன்னு அழறியே, வெக்கமா இல்ல?”

“நான் ஏன் வெக்கப்படணும்? ஒரு மானுக்கு ஒரு தோட்டா. எங்கப்பன் சொல்லிக்கொடுத்தது.”

“உன்னை மாதிரி ஆளுங்களை நம்பி எவன் மெஷினை ஓட்டுவான்? நீ சுட்டாத்தானய்யா அவன் செய்வான்!”

ஹாலிஸ் என்னைப் பார்த்தான். “வாத்தியாரே, உங்க வீட்டுல எப்பவும் இப்படித்தானா?”

எப்பவும் இப்படித்தான் என்றேன். அன்றைக்கு, எரிச்சல்பட வேண்டியது தொழிற்சாலை மீது இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இது நல்ல செய்தி இல்லை. தொழிற்சாலை தொலைவில் இருந்தது. இவர்கள் பக்கத்தில் இருந்தார்கள்.

பென்சில்வேனியாவில் ஜோலீன் என்று ஒரு பெண் தன் கணவனோடு சேர்ந்து பழைய தோட்டாக்களைச் சிறிய அளவில் செய்வதாக யாரோ சொல்லி, க்ளெனிஸ் அவளைப் பிடித்தாள். சமையலறையில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். ஜோலீன் ஒளிவுமறைவு இல்லாதவள்.

“மெஷினை முப்பத்தஞ்சுக்கு மாத்தறதுக்கே பெரிய வேலைங்க. அம்பது பேர் அம்பது இடத்துலேருந்து ஒவ்வொரு பெட்டி கேட்டா எனக்குக் கட்டாது. ஒரே இடத்துக்கு மொத்தமா எடுத்துக்கிட்டீங்கன்னா இந்த வருஷம் செய்யறேன்.”

“அடுத்த வருஷம்?”

“இது வித்துச்சுன்னா செய்யறேன். வேட்டை சீசன் முடிஞ்சதும் போன் பண்ணிக் கேப்பேன். உங்ககிட்ட அப்படியே கிடந்துச்சுன்னா, மன்னிச்சுக்குங்க, அதோட விட்டுடுவேன்.”

“கிடக்காது,” என்றாள் க்ளெனிஸ்.

கர்ட் தன் கடையில் இறக்க மாட்டேன் என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. சரக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. காலணிகளும் மண்வெட்டியும் கிடக்கும் பின்வாசல் அறையில் சன்னல் உயரத்துக்கு அட்டைப்பெட்டிகள் ஏறின. கோட்டை எங்கே மாட்டுவது என்று கேட்டேன். “இப்ப வெயில்காலம்தான,” என்றாள்.

செய்தி பரவி எல்லாரும் வந்தார்கள். கும்பலாக, சிரித்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி வாங்கினார்கள். மெர்ல், க்ளெனிஸின் தம்பி, பெட்டியைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, “அப்பாடா. இனி என் ஆயுசுக்குக் கவலையில்ல,” என்றான்.

“ஆயுசுக்கா?”

“ஏன்க்கா? இருபது இருக்கே. எனக்கு அறுபத்தெட்டு வயசு.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது பெட்டிக் குவியலை. அது குறையவே இல்லை.

சுட வேண்டும் என்று சொல்லிப் பார்த்தாள். வெயில்காலத்தில் பயிற்சி எடு, துப்பாக்கி எங்கே அடிக்கிறது என்று பார், போன வருஷம் அடித்த இடத்தில்தான் இந்த வருஷமும் அடிக்கும் என்று என்ன நிச்சயம் என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். எவரும் சுடவில்லை. ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை, ஊருக்கு வெளியே சரளைக்கல் தோண்டிய குழியில் எல்லாரும் கூடிச் சுடுவோம், பீன்ஸ் நான் கொண்டுவருகிறேன் என்று அறிவித்தாள். பன்றிக்கொழுப்பும் வெல்லப்பாகும் போட்டு அவள் அடுப்பில் வேகவைக்கும் பீன்ஸ் பயறுக்கு மூன்று ஊர்க்காரர்கள் வருவார்கள். வந்தார்கள். மடக்கு நாற்காலியும் துப்பாக்கிப் பையும் கொண்டுவந்தார்கள். சரளைக் கரையில் காகிதத் தட்டுகளைக் குச்சியில் குத்தி நிறுத்தினார்கள். ஒவ்வொருவராக முன்னே போய், மூச்சடக்கி, ஒரே ஒரு முறை சுட்டார்கள். தட்டு ஆடியது. துப்பாக்கியைக் காலியாக்கிவிட்டு வந்து பீன்ஸ் தின்ன உட்கார்ந்தார்கள்.

“என்ன, அவ்வளவுதானா?” என்றாள் க்ளெனிஸ்.

“சரியா அடிக்குது கண்ணு. இதுக்கு மேல என்ன தெரியணும்?” என்றான் ஹாலிஸ், வாய் நிறைய.

அவள் கரண்டியை வைத்தாள். தன் துப்பாக்கியை எடுத்தாள். புதுப் பெட்டி ஒன்றைக் கிழித்து, குழலில் தோட்டாக்களைத் தள்ளித் தள்ளி நிரப்பினாள். தட்டைக்கூடப் பார்க்கவில்லை. சும்மா கரையைப் பார்த்துச் சுட்டாள். லீவரை இழுத்தாள், சுட்டாள்.

“ஐயோ, அதுல ஒரு மான் அடிச்சிருக்கலாம்!” என்றான் ஹாலிஸ்.

இன்னொன்று.

“அது இன்னொரு மான்!”

“அக்கா, போதும்க்கா,” என்றான் மெர்ல். அவன் முகம் நிஜமாகவே வெளிறியிருந்தது. கிழவர்கள் ஒவ்வொரு வெடிக்கும், பல்லைப் பிடுங்குகிறவர் முன் உட்கார்ந்தவர்கள் போல நெளிந்தார்கள். அவள் பெட்டி முழுவதையும் தீர்த்துவிட்டுத் திரும்பினாள்.

“ஒண்ணும் ஆகலையே? வானம் இடிஞ்சு விழலையே? இப்படித்தான் சுடணும். இப்படிச் சுட்டாத்தான் அங்க ஒருத்தி மெஷினை ஓட்டுவா. இல்லைன்னா உங்க துப்பாக்கியெல்லாம் கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் ஆகும். புரியுதா?”

புரிகிறது என்றார்கள். பிறகு ஹாலிஸ் தள்ளாடி எழுந்து போய், அவள் சுட்ட காலிக்கூடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தொப்பியில் போட ஆரம்பித்தான். காலிக்கூட்டில் மறுபடியும் மருந்தும் குண்டும் வைக்கலாம். ஆனால் ஹாலிஸ் தன் பிறவியில் ஒன்றுக்குக்கூட வைத்ததில்லை. வீட்டில் ஒரு காப்பி டப்பா நிறையக் காலிக்கூடுகளைச் சேர்த்து வைத்திருந்தான். க்ளெனிஸ் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வீட்டுக்கு வரும்வரை காரில் ஒரே வாக்கியம்தான் சொன்னாள்: “இந்தத் தோட்டாவைத் தொழிற்சாலை கொல்லல, ஆல்டன். இவங்க அன்புதான் கொல்லுது.”

நவம்பர் வந்தது. இரண்டாவது வாரத்தில் ஒரு மதியம் ஹாலிஸ் கடைக்குள் வந்து, காப்பி கேட்காமல் நின்றான். க்ளெனிஸ் அவன் முகத்தைப் பார்த்ததும் கல்லாவைப் பூட்டினாள். அவன் சொன்னதை அப்புறம் அவள் எனக்குச் சொன்னாள். சீடர் சதுப்பின் ஓரத்தில் பெரிய கொம்பு மான் ஒன்று நின்றிருக்கிறது. சுட்டிருக்கிறான். அடி கொஞ்சம் பின்னால் தள்ளிப் பட்டுவிட்டது. மான் முதுகை வளைத்து அங்கேயே நின்றது. அவன் கை பழக்கத்தில் லீவரை இழுத்தது. அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிட்டது. இன்னொரு தடவை விரலை அசைத்திருந்தால் முடிந்திருக்கும். ஆனால் பழைய கூடு வெளியே தெறித்து இலைக் குப்பையில் விழுந்தது. அவன் கண் மானை விட்டுக் கூட்டின் பின்னே போய்விட்டது. குனிந்து இலைகளைக் கிளறியிருக்கிறான். நிமிர்ந்தபோது மான் இல்லை.

“கூடு கிடைச்சுதா?” என்று கேட்டாளாம் க்ளெனிஸ்.

“கிடைச்சுது.”

வேட்டைக் காட்டுக்கான ஆரஞ்சு மேலங்கியை மாட்டிக்கொண்டு அவனோடு போனாள். சதுப்பில் முழங்கால் ஆழத் தண்ணீர், மேலே மெல்லிய பனிப்பாளம். ஓர் இலையில் ரத்தம், பிறகு நெடுந்தூரம் ஒன்றுமில்லை, பிறகு ஒரு மரப்பட்டையில் தீற்றல். வெளிச்சம் போவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். விழுந்த மரத்துக்குப் பின்னால் படுத்திருந்தது. உயிர் இருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தது. ஹாலிஸ் அசையாமல் நின்றிருக்கிறான்.

“சுடு,” என்றாள் க்ளெனிஸ்.

சுட்டான்.

கடை வாசலில் தராசைச் சுற்றி வழக்கமான கூட்டம். முழங்காலுக்கு மேல் நனைந்து, பல் கிட்டிப் போய், அவள் சீட்டைக் கட்டினாள். அவளை அழைத்துப்போக நானும் வந்து நின்றிருந்தேன்.

“எத்தனை தோட்டா, ஹாலிஸ்?”

கேட்காமல் விட்டு அவனைக் காப்பாற்றிவிடுவாள் என்று நினைத்திருந்தேன். அந்த எண்ணமே அவளுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

“ரெண்டு,” என்றான் ஹாலிஸ். “முதல்லயே ரெண்டு போட்டிருக்கணும். நான்தான்... அந்த மிருகம் அவ்வளவு நேரம்...” என்று நிறுத்திக்கொண்டான்.

பிறகு மெர்ல் தொண்டையைக் கனைத்தான். “எனக்குப் போன வருஷம் மூணு ஆச்சு.”

“ஒண்ணுன்னு சொன்ன?” என்றாள் க்ளெனிஸ்.

“ஒண்ணுன்னுதான் சொன்னேன். அதுக்கு முந்தின வருஷமும்தான்.”

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். தவறவிட்டது, காலில் பட்டது, குழலில் இருந்த ஆறு தோட்டாவும் தீர்ந்தது எல்லாம் வந்தது. அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு நாலைந்து பேர் வந்து இரண்டாவது பெட்டி வாங்கினார்கள். குவியல் சன்னலின் அடிச்சட்டம் வரை இறங்கியது. டிசம்பரில் ஜோலீன் கேட்டபோது க்ளெனிஸ் உள்ளதைச் சொன்னாள்: பாதிக்குக் கொஞ்சம் மேலே மிச்சம். ஜோலீன் யோசித்துவிட்டு, ஜூனில் மறுபடியும் கேட்கிறேன், அதுவரை முடிவு பண்ணவில்லை என்றாள்.

மார்ச்சில், சாலையெல்லாம் சேறாகிக் கிடந்தபோது, க்ளெனிஸ் காலையில் அடுப்புக்கு விறகு எடுக்கப் போனவள் பின்வாசல் அறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். பேங்கர் நகர மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. இதைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவர்கள் வந்தார்கள். சமைத்த சாப்பாட்டோடு வந்தார்கள். என் தோளைத் தொட்டார்கள். போகும்போது ஒவ்வொருவனும் பின்வாசல் அறையில் நின்று குரலைத் தாழ்த்தினான்.

“வாத்தியாரே, ஒரு பெட்டி குடுங்க. க்ளெனிஸ் ஞாபகமா வச்சுக்கறேன்.” இது ஹாலிஸ்.

“பிரிப்பியா?”

“அதை எப்படிப் பிரிக்கறது? கண்ணாடி அலமாரியில வைப்பேன்.”

எனக்கு வந்த கோபம் எனக்கே புதிது. நாற்பது வருஷம் ஒருத்தி கத்திய கத்தல் எல்லாம் என் வாய் வழியாக வந்தது. “ஞாபகத்துக்கு ஒண்ணும் கிடையாது. சுடறதா இருந்தா சனிக்கிழமை குழிக்கு வா. பெட்டியை நான் கொண்டுவரேன். அங்க பிரிச்சு, அங்க சுடணும். ஒண்ணுகூட வீட்டுக்குப் போகக்கூடாது.”

“என்ன வாத்தியாரே, நீங்களும் அவ மாதிரியே...”

“சனிக்கிழமை.”

வந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள். ஏப்ரலில் தொடங்கி, மே மாதம் முழுவதும் கறுப்பு ஈக்கள் காதைக் கடிக்க, நான் பெட்டிகளைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தேன். சுட மறுத்தவனுக்குச் சாப்பாடு இல்லை என்றேன். என் பீன்ஸ் அவளுடையதுக்குக் கால் தூசி பெறாது. ஆகவே அந்த மிரட்டல் பலிக்கவில்லை. கடைசியில் மெர்ல்தான் சொன்னான்: “சும்மா அதட்டறீங்களே, நீங்க சுட்டுக் காட்டுங்க பாப்போம்.”

அவள் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். சுட்டேன். தோளில் குதிரை உதைத்தது போல இருந்தது. தட்டு சௌக்கியமாக நின்றது. மறுபடியும் சுட்டேன். தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துத் தட்டு கிழிந்தது. கிழவர்கள் நாற்காலியோடு சாய்ந்து சிரித்தார்கள். ஒரு பெட்டி தீரும்வரை சுட்டேன், பிடிவாதமாக. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் ஒரு பெட்டி தீர்க்கிறேன். என் வலத்தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. நான் சுடச் சுட, எனக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் பேர்வழி என்று அவர்களும் சுட்டார்கள். முழங்கையை இப்படி வை, மூச்சை இப்படி விடு என்று காட்டுவதற்கே பெட்டி பெட்டியாகப் போயிற்று.

ஜூன் நடுவில் ஜோலீன் கூப்பிட்டாள். க்ளெனிஸைக் கேட்டாள். நான் சொன்னேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“இதைக் கேக்கறதுக்கு எனக்கு வெக்கமா இருக்கு சார்,” என்றாள் பிறகு. “மிச்சம் எவ்வளவு இருக்கு?”

பின்வாசல் அறைக் கதவைத் திறந்து பார்த்தேன். “கோட்டு மாட்டற ஆணி தெரியுது. அடியில ஒரு வரிசைதான்.”

“யாரு வாங்கினாங்க?”

“வாங்கினாங்கன்னு சொல்ல முடியாது. சுட வச்சேன். பாதி நான் சுட்டேன்.”

“நீங்க வேட்டைக்காரர் இல்லைன்னு அவங்க சொல்லியிருக்காங்களே. நல்லா சுடுவீங்களா?”

“ஒண்ணும் படல. எதையும் அடிக்கல.”

ஜோலீன் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். “அப்ப நீங்கதான் சார் எனக்கு நல்ல வாடிக்கை. குறி தப்பாத ஆளுங்களை வச்சு நான் எப்படிப் பிழைக்கறது?” பிறகு தன் கணவனிடம் ஏதோ கேட்டாள். மெஷின் சத்தத்துக்கு மேல் அவன் ஏதோ கத்தினான். “சரி. இந்த வருஷம் போன வருஷத்துல பாதி ஓட்டறோம். ஆனா மொத்தத்தையும் நீங்கதான் எடுத்துக்கணும். அடுத்த வருஷமும் இதே மாதிரி கேப்பேன். முடியுமா?”

எழுபத்திரண்டு வயதில், தோள் வீங்கிப் போய், இந்தக் கஞ்சர்களை மேய்த்துக்கொண்டு இன்னொரு வருஷமா? எனக்கு மானும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம், இந்தத் தோட்டா உலகத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“அனுப்பு,” என்றேன்.

போனை வைத்ததும், இதையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டுப் போனதற்காக க்ளெனிஸை உரக்கவே திட்டினேன். நன்றாகத்தான் திட்டினேன். திருப்பித் திட்ட வீட்டில் யாரும் இல்லை.